"நமக்கு எதுக்கு" என்று ஒரு பிள்ளையிடம் கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை பேச்சுப்போட்டி விஷயம்தான். வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை ஆழ்கடல் தரையில் மீத்தேன் வாயு கசிகிற இடங்களைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசி முடித்ததும் நடுவர் மைக்கை வாங்கி, "ஈரோட்டுல கடலா இருக்குது? நம்ம ஊருக்கு ஆகற மாதிரி பேசு கண்ணு" என்றாரே, எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் சொன்னதை யாராவது காதில் வாங்கினோமா? 1984-ல் மெக்சிகோ வளைகுடாவில், ஃபுளோரிடாவை ஒட்டி, 3,000 மீட்டருக்கும் கீழே வெயிலே எட்டாத இருட்டில், அப்படி ஒரு கசிவில், மட்டியும் குழாய்ப் புழுவும் கூட்டங்கூட்டமாக வாழ்வதைக் கண்டார்கள். அந்தப் புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனைத் தின்னும்போது ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது, புழுவுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா அதிலிருந்து சக்தி எடுத்துப் புழுவுக்கும் சோறு போடுகிறது. அங்கே ஒரு வகைப் புழு 250 வருசத்துக்கும் மேல் வாழும். தீரன் சின்னமலை காலத்தில் பிறந்தது இன்றைக்கும் உயிரோடு இருக்கலாம். இதைக் கேட்டுமா ஒருத்தருக்கு "எதுக்கு" என்று தோன்றும்?

எங்க அப்பாரு கட்டுத்தரைக்குப் பக்கத்தில் சாண கேஸ் தொட்டி வைத்திருந்தார். கேஸ் சேரச் சேர இரும்பு மூடி மேலே ஏறும், ஓரத்துக் கரைசலில் குமிழ் வெடித்துக்கொண்டே இருக்கும். அதுவும் மீத்தேன்தான், காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. கடலடிச் சேற்றிலும் பல இடங்களில் அப்படித்தான் உண்டாகிறது. இந்தக் கேஸ் எப்படி வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டேன். "பாடத்துல இருக்கறத மட்டும் கேளு" என்றார்கள். அப்புறம் நான் கேட்கவே இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

"வாய்க்காலில் தண்ணி வரல, இதுதான் இப்ப முக்கியமா" என்பீர்கள். சரி, எங்க போரும் வற்றித்தான் கிடக்கிறது. அதற்கு அந்தப் பிள்ளையின் வாயை ஏன் அடைக்க வேண்டும்? "பெரியவர் சும்மா சொன்னார்" என்கிறவர்களுக்கு: அத்தனை பேர் முன்னால் தலை குனிந்தது உங்க பிள்ளை இல்லை.

கடல் தூரம் என்கிறீர்கள். ஆந்திரக் கரையை ஒட்டிய கிருஷ்ணா கோதாவரி படுகையில் 2006-ல் மீத்தேன் ஹைட்ரேட்டை, அதாவது மீத்தேன் அடைபட்ட பனிக்கட்டி மாதிரிப் பொருளை, ஆராய்ச்சிக்காகத் தோண்டி எடுத்தார்கள், பிற்பாடு கோவா தேசியக் கடலியல் நிறுவனம் அங்கேயே உயிர்கள் வாழும் கசிவையும் கண்டுபிடித்தது. அது வங்கக் கடல். பவானியும் நொய்யலும் காவிரியோடு போய்ச் சேருகிற கடல். நொய்யலில் சாயத் தண்ணியை விட்டோமே, அப்போது கடல் தூரம் என்று நினைத்துத்தான் விட்டோம். நாளைக்கு அந்த ஹைட்ரேட்டை எரிபொருளுக்கு எடுக்க இறங்கினால், அங்கே என்ன வாழ்கிறது என்று கேட்க நாலு பேர் வேண்டாமா?

அந்தப் பிள்ளையின் அப்பா என் நட்பில் இருக்கிறார். அண்ணா, அடுத்த மாசம் கோபியில் போட்டி இருக்குதுங்க. இதே தலைப்பிலேயே பேசச் சொல்லுங்க. நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.