மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம் யார் பேசுவது?

குழந்தைத் திருமணம் பற்றி யார் எழுதினாலும் கீழே வரும் முதல் பதில், "1098க்கு (குழந்தைகள் உதவி எண்) போன் போடுங்க." போடத்தான் வேண்டும். அந்த போனுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பேசியாக வேண்டும்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சமூகநலத் துறையும் போலீசும் வந்து கல்யாணத்தை நிறுத்துவார்கள். "18 முடியும்வரை செய்ய மாட்டோம்" என்று பெற்றோரிடம் எழுதி வாங்குவார்கள். கொஞ்ச நாளில் வேறு ஊர்க் கோயிலில், பத்திரிகைகூட அடிக்காமல், பத்துப் பேரை வைத்துத் தாலி கட்டிவிடுகிறார்கள். அந்தக் கடிதத்துக்கு அவ்வளவுதான் பலம். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் நீதித்துறை நடுவரிடம் தடை உத்தரவு வாங்க வழி இருக்கிறது. அதை மீறி நடக்கும் கல்யாணம் செல்லவே செல்லாது. உத்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் அந்தப் பெண்ணே கோர்ட்டுக்குப் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும், அதுவும் 20 வயதுக்குள். எழுதி வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள், தடை உத்தரவைக் கேளுங்கள்.

தண்டனையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. இப்போதே இரண்டு ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். பயம் கூடினால், 17 வயதில் கர்ப்பமான பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வரமாட்டாள். பிக்மி எனும் அரசின் கர்ப்பிணிகள் பதிவில் வயது தெரிந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். ரத்தசோகையைக்கூட எட்டாம் மாதத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் 18 என்ற கணக்கு தெரியாத பெற்றோர் அநேகமாக இல்லை. அவர்கள் பயம் வேறு: "வயசுக்கு வந்த பொண்ணு, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?" "நல்ல இடம், விட்டா திரும்ப வருமா?" "படிக்க வெச்சா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளை தேடணும், நகை கூடக் கேப்பாங்க." சுற்றியிருக்கும் எல்லா வீட்டிலும் 16லேயே முடிக்கும்போது, ஒரு வீடு மட்டும் காத்திருந்தால் அந்த வீட்டுக்குத்தான் நட்டம். அதனால்தான் ஒவ்வொரு வீடாகப் போய் அறிவுரை சொல்வது எடுபடுவதில்லை.

ஆப்பிரிக்காவின் செனகலில் பெண் உறுப்புச் சிதைப்புக்கு எதிராக நடந்தது இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1997 ஜூலை 31 அன்று மாலிகுண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக எல்லார் முன்னும் அறிவித்தார்கள். சுற்றியிருந்த ஊர்களில் கோபம் கிளம்பியது. கேர் சிம்பாரா ஊர் இமாம் தெம்பா தியாவாரா பிரச்சினையின் வேரைப் பிடித்தார்: அந்தச் சடங்கு செய்யாத பெண்ணை மணமுடிக்கத் தயங்கும், பெண் எடுக்கும் ஊர்கள் மாறாமல் பெண் கொடுக்கும் ஊர் மட்டும் எப்படி மாறும்? உறவுக்கார ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் 13 ஊர்கள் தியாபுகுவில் கூடி ஒன்றாக அறிவித்தன. தடைச் சட்டம் 1999இல்தான் வந்தது. நாடு முழுக்க அந்த வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதும் உண்மை. ஆனால் யாரோடு பேச வேண்டும் என்பதற்கு அங்கே விடை இருக்கிறது.

நம் ஊரில் எங்கே ஆரம்பிப்பது? முதலில் சம்பந்த ஊர்களின் பட்டியல். கடைசிப் பத்து வருடத்தில் எந்த ஊரிலிருந்து பெண் வந்தது, எந்த ஊருக்குப் போனது என்று மகளிர் குழுவில் மூத்த பெண்கள் நாலு பேரைக் கேட்டால் ஒரு மதியத்தில் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே சில ஊர்கள்தான் வரும். அந்த ஊர்கள் அத்தனையிலும் ஒரே சமயத்தில் பேச்சைத் தொடங்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைக் கை நீட்ட வைத்து உறுதிமொழி எடுத்தால் போட்டோ நன்றாக வரும். கல்யாணத்தை முடிவு செய்கிறவர்கள் அந்தப் பிள்ளைகள் இல்லையே.

இதில் எல்லாரும் தவறவிடுவது மாப்பிள்ளை வீட்டை. பெண்ணைப் பெற்றவர்கள் "கொடுக்க மாட்டோம்" என்பதைவிட, பையனைப் பெற்றவர்கள் "18 ஆகாத பெண்ணை எடுக்க மாட்டோம்" என்று ஊரறியச் சொல்வதற்கு எடை அதிகம். பெண் வீட்டுக்கு இருக்கும் பயத்தில் பாதி அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். 22, 23 வயதுப் பையன்களை, தாய்மாமன்களைக் கூட்டத்துக்கு வரவழையுங்கள். சின்ன வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள் தாமாகப் பேசினால் பேசட்டும், மேடையேற்றி அழ வைக்காதீர்கள். பூசாரி, மண்டபக்காரர், பத்திரிகை அச்சடிப்பவர் மூவரும் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வாங்க ஒப்புக்கொள்ள வேண்டும். ஆதாரை மட்டும் நம்பினால் வயதில் ஏமாறலாம்.

காலமும் முக்கியம். பத்தாம் வகுப்பு ரிசல்ட், கோடை விடுமுறை, வைகாசி முகூர்த்தம் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. ஃபெயிலான பெண்தான் முதலில் மாட்டுவாள். ரிசல்ட் வந்த வாரமே துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட வைத்துவிட்டால் அவள் இன்னும் படிக்கிற பிள்ளைதான். பள்ளி திறந்த முதல் வாரம் வராதவர்கள் பெயரை ஆசிரியர் அன்றன்றே கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதைப் பெண்ணிடம் மட்டும் சொல்லாமல் அப்பாவிடமும் சொல்லுங்கள்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18க்கு முன்பே மணமானவர்கள். மே 1 அன்று கூடும் கிராம சபை, கல்யாண சீசனுக்குச் சரியாக முன்னால் வருகிறது. பெண் எடுக்கும் வீடுகளின் சார்பில் அங்கே தீர்மானம் போடச் சொல்லுங்கள். அதன் நகல் சம்பந்த ஊர்கள் ஒவ்வொன்றின் ஊராட்சி அலுவலகத்துக்கும் அதே வாரம் போய்ச் சேரட்டும்.