க்ளாக் ஸ்பீடை ஏத்துறதுக்கு முன்னாடி என்னென்ன ஆன்ல இருக்குன்னு பாருங்க

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் ஏழாவது படிக்கிறான், பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்த, பழைய கன்சோல் கேம் எல்லாம் ஓடுற குட்டி கேம் கருவிய தூக்கிட்டு ஓடி வந்து "மாமா இது சூடாவுது மாமா, சவுண்டும் கரகரன்னு வருது, உடைஞ்சிருச்சா?"ன்னு கேக்குறான். கைல வாங்குனா நெஜமாவே பின்பக்கம் சுடுது. சூப்பர் நிண்டெண்டோ கேம் யோஷிஸ் ஐலண்ட் ஓடிட்டு இருக்கு, பெரிய எதிரி ஒண்ணு திரைக்குள்ள வந்தா போதும், பாட்டு அறுந்து அறுந்து வருது. யாரோ ஃப்ரெண்டோட அண்ணன் "ஓவர்கிளாக் பண்ணு சரியாயிடும்"னு சொல்லி க்ளாக்க, அதாவது ப்ராசஸர் ஓடுற வேகத்த, ஏத்தி விட்டிருக்கான். சரியாவல. அன்னைக்கு நடுவுல ஒரு தடவ அப்படியே உறைஞ்சு நின்னு, காலைல இருந்து ஆடுன ஆட்டம் மொத்தமும் போச்சாம். அத சொல்லும்போது பையன் முகத்த பாக்க முடியல.

கேம ஓட்டுற ரெட்ரோஆர்க் சாஃப்ட்வேரோட மெனுவ திறந்து பாத்தேன். ரன் அஹெட் ஆன்ல இருக்கு, ஆட்டத்த பின்னாடி ஓட்டிக் காட்டுற ரீவைண்டும் ஆன்ல இருக்கு. ரெண்டையும் ஆஃப் பண்ணேன், க்ளாக்க பழைய அளவுக்கே கொண்டு வந்தேன், கேம மூடித் திரும்பத் திறந்தேன். அதே இடம், அதே எதிரி, பாட்டு ஒரு எடத்துலயும் அறுபடல. மொத்தம் நாலு நிமிஷ வேலை.

இத ஏன் இவ்வளவு விரிவா எழுதுறேன்னா, இந்த சின்னக் கருவிகள் வாங்குற எல்லாருக்கும் முதல் பதிலா ஓவர்கிளாக்க தான் சொல்லிக் குடுக்குறாங்க. அது தப்புன்னு நான் உறுதியா நம்புறேன். இந்த மாதிரி கருவில வேகம் பத்தலன்னா முதல்ல பாக்க வேண்டியது அதுக்கு எவ்வளவு வேலை குடுத்து வச்சிருக்கோம்னு தான்.

ஒரு கணக்கு சொல்றேன். கேம் செகண்டுக்கு 60 ஃப்ரேம். அப்போ ஒரு ஃப்ரேமுக்கு கெடைக்கிற நேரம் 16.6 மில்லிசெகண்ட், அவ்வளவுதான். அதுக்குள்ள சூப்பர் நிண்டெண்டோவோட ப்ராசஸர், படம் வரையிற சிப், சவுண்டுக்குன்னே தனியா இருக்குற சிப், எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல நடிச்சுக் காட்டணும். யோஷிஸ் ஐலண்ட்ல கார்ட்ரிட்ஜுக்குள்ளயே சூப்பர் எஃப்எக்ஸ் 2ன்னு இன்னொரு சிப் இருக்கு. கன்சோலோட ப்ராசஸர் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ், அந்தக் கார்ட்ரிட்ஜ் சிப் 21 மெகாஹெர்ட்ஸ். அதனாலதான் மத்த கேம் எல்லாம் பறக்குற கருவில இது மட்டும் மூச்சு வாங்குது. இப்ப ரன் அஹெட்ட ஆன் பண்ணா என்ன ஆகும்? பட்டன் அமுக்குனதுக்கும் திரைல நடக்குறதுக்கும் நடுவுல இருக்குற தாமதத்த குறைக்க அது அடுத்த ஃப்ரேம ரகசியமா முன்கூட்டியே ஓட்டிப் பாக்குது, அதாவது நம்ம கண்ணுக்குத் தெரியிற ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பின்னாடி ரெண்டு ஃப்ரேம் வேலை நடக்குது. போதாததுக்கு ரீவைண்ட் வேற தொடர்ந்து மொத்த நிலையையும் மெமரில காப்பி எடுத்து வச்சுக்கிட்டே இருக்கு. ரெண்டு மடங்கு வேலைய குடுத்துட்டு க்ளாக்க பத்து சதவீதம் ஏத்துனா என்ன பிரயோஜனம்? அந்த ஏத்தத்துக்கும் பெரும்பாலும் வோல்டேஜ கூட்டணும், சக்தி செலவு வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும். சூடும் பேட்டரியும் அங்கதான் போகுது.

ஏன் சவுண்டு முதல்ல கெடுதுன்னு பையன் கேட்டான், நல்ல கேள்வி. மாடில தண்ணி டேங்க் இருக்குல்ல, குழாய் ஒரே வேகத்துல திறந்தே இருக்கு, மோட்டார் ஏத்துறது அத விட மெதுவா இருந்தா என்ன ஆகும்? டேங்க் காலியாகி குழாய்ல காத்து வரும். சவுண்ட கொஞ்சம் முன்கூட்டியே சேத்து வைக்கிற ஆடியோ பஃபரும் அதே கதைதான். ஒரு ஃப்ரேம் விட்டுப் போனா கண்ணு மன்னிச்சிரும், காது மன்னிக்காது. ஆடியோ லேட்டன்சி 64 மில்லிசெகண்ட்ல இருந்தா 96, 128ன்னு ஏத்தலாம், அது பெரிய டேங்க் வைக்கிற மாதிரி, எப்பயாவது வர்ற சறுக்கலுக்கு உதவும். மோட்டாரே மெதுவா இருந்தா எவ்வளவு பெரிய டேங்க் வச்சும் காலியாகத்தான் செய்யும்.

அடுத்தது கோர் விஷயம் (ரெட்ரோஆர்க்குள்ள ஒரு கன்சோல நடிச்சுக் காட்டுற எமுலேட்டர தான் கோர்னு சொல்றாங்க), இங்கதான் எனக்கு நிறைய சொல்லணும். "பழைய கோர் எல்லாம் குப்பை, துல்லியமானதுதான் போடணும்"னு நிறைய பேர் பேசுறாங்க. பிஎஸ்நெஸ்ங்கிற துல்லியமான சூப்பர் நிண்டெண்டோ எமுலேட்டர எழுதுன பையூ 2011ல துல்லியத்துக்கு எவ்வளவு சக்தி செலவாகும்னு விளக்கி ஒரு கட்டுரை எழுதுனாரு, அவரு காட்டுன ஒரு உதாரணம் ஏர் ஸ்ட்ரைக் பேட்ரோல்ங்கிற கேம். அதுல விமானத்துக்குக் கீழ தெரியிற நிழல் ஒரு வரி வரைஞ்சு முடியிறதுக்குள்ள நடுவுலயே படத்த மாத்திக் கொண்டு வந்த வித்தை, வரி வரியா வரையிற எமுலேட்டர்ல அந்த நிழலே வராது. அவரோட உழைப்பு மேல எனக்கு அவ்வளவு மரியாதை, பழைய கேம் அழியாம இருக்கணும்னா அந்தத் துல்லியம் வேணும். ஆனா அதுக்கு அவரு பேசுனது 3 கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் பத்தி. மியூ மினி பிளஸ் மாதிரி குட்டிக் கருவி ரகத்துல இருக்குறது ரெண்டு கார்டெக்ஸ் ஏ7 ப்ராசஸர் கோர், 1.2 கிகாஹெர்ட்ஸ், 128 எம்பி ரேம், 3டி ஜிபியூவே கெடையாது. இங்க ஸ்நெஸ்9எக்ஸ் 2005ங்கிற பழைய, லேசான கோர போடுறதுல ஒரு கேவலமும் இல்ல. சவுண்டு சரியில்லன்னா 2005 பிளஸ் போடுங்க, அதுல சவுண்டு சிப்ப இன்னும் ஒழுங்கா செஞ்சிருப்பாங்க, கொஞ்சம் கூடுதலா சாப்பிடும். சூப்பாஃபாஸ்ட்னு ஒண்ணு இருக்கு, இந்த மாதிரி பல ப்ராசஸர் கோர் இருக்குற ஆர்ம் சிப்புக்குன்னே செஞ்சது, வேலைய அந்த ப்ராசஸர் கோர்களுக்குள்ள பிரிச்சு விடும். மூணையும் அதே லெவல்ல ஓட்டிப் பாத்து எது நிக்குதோ அத வச்சுக்கங்க.

சின்ன சிப்புல பெருசா ஓட்டுனவங்கன்னா நான் பண்டோராங்கிற கைக் கருவி காலத்து ஆளுங்கள தான் சொல்வேன். 2010ல வந்த அந்தக் கருவில 600 மெகாஹெர்ட்ஸ் ஒத்தக் கோர். அந்தக் காலத்துல ஆரி64ங்கிறவர் நிண்டெண்டோ 64 எமுலேட்டருக்கு டைனாரெக் எழுதுனாரு, அதாவது கன்சோலோட கட்டளைய ஒவ்வொண்ணா படிச்சுப் புரிஞ்சுக்காம மொத்தமா ஆர்ம் மொழிக்கு மாத்தி வச்சுக்குறது. நோட்டாஸ்ங்கிறவர் அத எடுத்து பிளேஸ்டேஷன் 1க்குப் பொருத்தி பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் செஞ்சாரு. இன்னைக்கு நம்ம பாக்கெட்டுல ஓடுற பிளேஸ்டேஷன் அதுதான். எக்ஸோஃபேஸ்ங்கிறவர் சோனியோட பிஎஸ்பிக்காக எழுதுன ஜிபிஎஸ்பிதான் இன்னைக்கும் ஜிபிஏக்கு (கேம் பாய் அட்வான்ஸ்) இந்தக் கருவிகள்ல வேகமா ஓடுற கோர். இவங்க யாரும் க்ளாக்க மட்டும் நம்பி உக்காரல.

சில ஃப்ரேம வரையாமலே விட்டுட்டுப் போற ஃப்ரேம் ஸ்கிப் மட்டும் கடைசி வரைக்கும் போடாதீங்க. அடிபட்டா கேரக்டர் மினுக்கு மினுக்குன்னு வரும்ல, நிறைய கேம்ல அது ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் வரையிறது. ஒரு ஃப்ரேம் ஸ்கிப் போட்டா சரியா அவன் இருக்குற ஃப்ரேம மட்டும் விட்டுட்டுப் போகலாம், ஆளே காணாமப் போயிடுவான், நீங்க குருட்டுத்தனமா ஆடிட்டு இருப்பீங்க.

அப்புறம் சில பேர் ஸ்லோவா ஓடுதுன்னு சொல்றது எமுலேட்டர் பிரச்சனையே இல்ல. ஐரோப்பியப் பதிப்பு கேமா இருந்தா அது 50 ஹெர்ட்ஸ்ல ஓடுறதுதான். அதுலயும் சரியா மாத்தாம விட்ட கேம் எல்லாம் ஜப்பான், அமெரிக்கப் பதிப்ப விட நெஜமாவே மெதுவாதான் போகும். ஃப்ரேம் கவுண்டர் போட்டுப் பாருங்க, 50ல அசையாம நின்னா கருவி மேல பழி போடாதீங்க.

ஜிபிஏ ஆடும்போது பக்கவாட்டுல நகந்தா படம் நெளியிற மாதிரி தெரியிறதும் வேகத்துனால இல்ல. 240x160 படத்த இந்தக் கருவித் திரையோட 640 அகலத்துக்கு இழுத்தா 2.67 மடங்கு, அப்ப ஒரு பிக்சல் மூணு புள்ளி அகலம், பக்கத்துலது ரெண்டு புள்ளி. முழு எண் மடங்குல மட்டும் பெருசாக்குற இன்டிஜர் ஸ்கேல் போட்டு 480x320ல சின்னதா ஆடுங்க, சுத்தி கறுப்பு இருக்கும் ஆனா கோடு கோடா சுத்தமா தெரியும். பிளேஸ்டேஷன்ல 320x240ல ஓடுற கேமுக்கு இந்தத் திரை சரியா ரெண்டு மடங்கு, ஒண்ணும் பண்ண வேண்டாம்.

நான் இப்ப பண்றது க்ளாக்க ஏத்துறதுக்கு நேர் எதிர். ஒவ்வொரு கன்சோலுக்கும் கனமான லெவல் ஒண்ண எடுத்து, க்ளாக்க படிப்படியா இறக்கி, சவுண்டு எங்க அறுபட ஆரம்பிக்குதோ அதுக்கு ஒரு படி மேல நிலையா வச்சிருவேன். தானா ஏறி இறங்குற ஆன்டிமாண்ட் கவர்னர விட இது நல்லா இருக்கு, ஏன்னா லேசான ஃப்ரேம் நாலு வந்ததும் அது க்ளாக்க இறக்கிரும், அடுத்து கனமான ஃப்ரேம் வந்து நிக்கும்போது மறுபடி ஏறுறதுக்குள்ள ஒரு சறுக்கல் விழுந்துரும். கேம் பாய்க்கு ரொம்பக் கீழ வச்சாலே போதும், பேட்டரி நின்னு பேசும். ரன் அஹெட் வேணும்னா அங்க போடுங்க, பழைய 8 பிட் நிண்டெண்டோவுக்குப் போடுங்க, இடம் இருக்கு, அருமையா இருக்கும். ஆனா அந்த செட்டிங்க எல்லாத்துக்கும் பொதுவா சேவ் பண்ணாம, அந்தக் கோருக்கு மட்டும் பொருந்துற கோர் ஓவர்ரைடுல சேவ் பண்ணுங்க, இல்லன்னா கனமான கேம்லயும் அது ஆன்ல இருந்து யோஷி கதைதான்.

பையனோட கருவில கடைசியா இன்னொண்ணும் மாத்திட்டு வந்தேன். ரெட்ரோஆர்க் வழக்கமா கேம மூடும்போதுதான் சேவ் ஃபைல மெமரி கார்டுல எழுதும், அதனாலதான் உறைஞ்சப்ப எல்லாம் போச்சு. சேவிங் மெனுல ஆட்டோசேவ் இடைவெளின்னு இருக்கும், அத 60 செகண்டுன்னு வச்சேன். நேத்து ராத்திரி அக்கா போன்ல இருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கான், "மாமா ரெண்டாவது வேர்ல்டுக்கு வந்துட்டேன், சூடே ஆகல."