கூடுதலா வந்த ஸ்காலர்ஷிப்பும் எங்க அக்கா பொண்ணும்

கொஞ்சம் நீளமான பதிவு. காலேஜ் படிக்கிற புள்ளைங்க இருக்கற வீட்டுக்காரங்க பொறுமையா படிங்க.

எங்க அக்கா பொண்ணு கடலூர் பக்கத்துல ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல கடைசி வருஷம் படிக்கிறா, பேர் வேண்டாம். மாமா கொத்தனார். முதல் வருஷம் ஃபீஸ் கட்ட அக்கா தன்னோட நாலு பவுன் செயின அடகு வச்சா, அப்புறம்தான் பத்தாவதுக்கு மேல படிக்கிறவங்களுக்கு அரசு குடுக்கற போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் வர ஆரம்பிச்சுது.

இந்த ஸ்காலர்ஷிப் வர்ற விதம் நெறைய பேருக்குத் தெரியாது. எஸ்சி மாணவர்களுக்கான இந்தத் திட்டத்துல நூத்துக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. 2021லேர்ந்து மத்திய அரசோட பங்கு நேரா மாணவர் அக்கவுண்டுக்கே வருது, அதுவும் மாநிலம் தன்னோட பங்க விட்டதுக்கு அப்புறம்தான். அப்ப ஒரே வருஷத்துக்கான பணம் ரெண்டு தவணையா வேற வேற மாசத்துல வந்து விழும். பாஸ்புக்குல தேதி, நாலஞ்சு இங்கிலீஷ் எழுத்து, ஒரு நீள நம்பர், தொகை, அவ்ளோதான் இருக்கும். எந்த வருஷத்துக்கு, எதுக்குன்னு ஒரு வார்த்தை இருக்காது. பேங்க்ல கேட்டா கவர்ன்மெண்ட் பணம்னு மட்டும் சொல்லுவாங்க.

2024 அக்டோபர்ல இவ அக்கவுண்டுல மூணாவதா ஒரு 20,000 ஏறுச்சு. மாசக்கணக்கா ஸ்காலர்ஷிப் லேட்டாகறதும் பழைய பாக்கி திடீர்னு வர்றதும் சகஜம், அதனால முதல் வருஷம் கையிலேர்ந்து கட்டினதுதான் திரும்பி வருதுன்னு வீட்ல எல்லாரும் நெனச்சோம். அப்பவும் அக்கா சும்மா இருக்கல, பொண்ணையும் பாஸ்புக்கையும் கூட்டிக்கிட்டு காலேஜ் ஆபீசுக்குப் போனா. அங்க இருந்தவர் பாஸ்புக்க வாங்கிப் பாத்துட்டு, "அரியரா இருக்கும்மா, உங்களுக்கு ஃபீஸ் பாக்கி எதுவும் இல்ல, வச்சுக்கங்க"ன்னாரு. வாயால சொன்னதோட சரி. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்து சீல் வாங்கணும்னு அவளுக்குத் தோணல, எனக்கும்தான் தோணல, அத நெனச்சா இப்பவும் மனசு ஆறல.

அடுத்த மாசக் கடைசியில ஃபெஞ்சல் புயல். தென்பெண்ணையில தண்ணி வந்தப்ப அக்கா வீட்டுக்குள்ள இடுப்பளவு நின்னுச்சு. கட்டில், பீரோ, ரேஷன் அரிசி, புள்ளையோட நோட்டு எல்லாம் சேறாயிடுச்சு. அந்த 20,000தான் வீட்ட மறுபடி நிக்க வச்சுது. மாமாவுக்கு ரெண்டு மாசம் வேலையே இல்ல.

இப்ப ஒன்னேகால் வருஷம் கழிச்சு ஒரு லெட்டர் வந்துருக்கு. "தகுதிக்கு மேல் கூடுதலாகப் பெற்றுக்கொண்ட தொகையை உடனடியாகத் திரும்பச் செலுத்த வேண்டும்." கட்டுற வரைக்கும் பாக்கி இல்லன்னு தர்ற நோ டியூஸ் ஃபார்ம்ல கையெழுத்து கெடையாது, சர்டிபிகேட் கெடையாதுன்னு காலேஜ்ல சொல்றாங்க. ரெனியூவல்ல, அதாவது ஏற்கனவே வாங்கறவங்க லிஸ்ட்ல இருந்த பொண்ண, ஃப்ரெஷ்ஷா, புதுசா கேக்கறவங்க லிஸ்ட்லயும் சேர்த்து ஏத்திட்டாங்களாம், அதான் மாநில பங்கு ரெண்டு தடவ வந்துருக்கு. ஏத்தினது இவ இல்ல.

அந்த "பெற்றுக்கொண்ட" தான் என்னால தாங்க முடியல. இவ எத பெத்துக்கிட்டா? அனுப்பினாங்க, வந்துச்சு. "தவறுதலாக அனுப்பப்பட்ட தொகை"ன்னு எழுதியிருந்தா அந்தப் புள்ள ராத்திரி எனக்கு போன் பண்ணி "சித்தி, நான் திருடிட்டேன்னு நெனப்பாங்களா"ன்னு அழுதிருக்க மாட்டா.

பொய் வருமானச் சான்றிதழ் குடுத்து வாங்கறவங்களும் இருக்காங்க, நான் மறுக்கல. நல்ல சம்பளத்துல இருந்துக்கிட்டு கூலி வேலைன்னு எழுதி வாங்கறது உண்மையான ஏழை புள்ளைங்க பணத்துல கை வைக்கிறது, அவங்ககிட்ட வசூல் பண்ணுங்க, வழக்கும் போடுங்க. ஆனா வருமான வரம்பு வருஷத்துக்கு 2.5 லட்சம், மாசத்துக்கு 20,833 ரூபா. ஒரு நாள் கூலி 1,000 வாங்கற கொத்தனார் மாசம் 21 நாள் வேலைக்குப் போனாலே தாண்டிடும். அவருக்கு மழைக்காலத்துல வேலை இருக்காது, சரி, இருந்தா? அந்த ஒரு நாள் கூலியில அவர் பணக்காரர் ஆயிடுவாரா? பொய் சொன்னவங்களையும், கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு அடி விழுந்தவங்களையும், ஆபீஸ் தப்பால பணம் வந்தவங்களையும் ஒரே லெட்டர்ல அடிக்காதீங்க.

அரசு ஊழியர் விஷயத்துல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. 2014ல ரஃபீக் மசீ வழக்குல, கீழ்மட்ட ஊழியர்கள்கிட்டயும் ரிட்டயர் ஆனவங்ககிட்டயும் தப்பா குடுத்த கூடுதல் சம்பளத்த திரும்பப் புடுங்கக்கூடாதுன்னு தீர்ப்பு. 2022ல கேரளாவுல தாமஸ் டேனியல்னு ஒரு ஆசிரியர் வழக்குலயும் அதேதான், அவர் ஏமாத்தல, பொய் சொல்லல, அதனால வசூல் பண்ண முடியாதுன்னாங்க. சம்பளம் வாங்கற பெரியவங்களுக்கு இருக்கற அந்த இரக்கம், சம்பளமே இல்லாத 21 வயசுப் பொண்ணுக்கும் வேணும்னு கேக்கறேன். பணம் தப்பா போயிருந்தா அந்தப் படிப்பு வருஷத்துக்குள்ளயே சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க தப்புன்னு தெரிஞ்சா தள்ளுபடி பண்ணுங்க, முடியாதுன்னா தவணையா கட்ட விடுங்க. சர்டிபிகேட்ல மட்டும் கை வைக்காதீங்க, அது அவ நாலு வருஷம் பஸ்ல தொங்கிப் போய் படிச்சது. ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ் பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018லயே சொல்லியாச்சு.

படிக்கிற புள்ளைங்களா, புரியாத பணம் வந்தா தொடாதீங்க. பாஸ்புக் என்ட்ரி போட்டு ஜெராக்ஸ் எடுங்க, எந்த வருஷத்துக்கான பணம்னு கேட்டு லெட்டர் எழுதுங்க, காலேஜ்ல குடுத்து இன்னொரு காப்பியில சீல், தேதி, கையெழுத்து வாங்குங்க. புதுமைப்பெண் ஆயிரம் ரூபா வேற, அத மத்த ஸ்காலர்ஷிப்போட சேத்தே வாங்கலாம், அதப் பாத்து பயப்படாதீங்க.

நாங்க பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) மனு போட்டாச்சு, இவ பேர எப்ப, யார் ரெண்டு தடவ ஏத்தினாங்கன்னு கேட்டு. வர்ற திங்கக்கெழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீசுக்கு அக்காவும் நானும் மனுவோட போறோம். இதே மாதிரி லெட்டர் வந்தவங்க யாராவது கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, லெட்டரையும் பாஸ்புக் ஜெராக்ஸையும் எடுத்துக்கிட்டு காலைல ஒன்பது மணிக்கு வாசல்ல நின்னா சேந்தே உள்ள போலாம்.