சில்வியா பினாலை மூன்று படங்களுக்குள் அடைக்காதீர்கள்

உலக சினிமா ரசிகர்கள் மெக்சிகோ நடிகை சில்வியா பினாலைப் பற்றிப் பேசினால் பேச்சு மூன்று படங்களைத் தாண்டாது. விரிதியானா (1961), தி எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல் (1962), சைமன் ஆஃப் தி டெசர்ட் (1965). மூன்றும் ஸ்பெயினில் பிறந்த இயக்குநர் லூயிஸ் புனுவலின் படங்கள். ஆகவே அவர் ‘புனுவலின் நடிகை’. 2024 நவம்பர் 28 அன்று, 93 வயதில் அவர் இறந்தபோதும் இதே பல்லவிதான். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

புனுவல் படத்துக்கு வரும்போது அவர் மெக்சிகோவில் ஏற்கெனவே பெரிய நட்சத்திரம். நகைச்சுவை நடிகர் தின் தானோடு நகைச்சுவை செய்து, பாடகரும் நட்சத்திர நடிகருமான பெத்ரோ இன்ஃபான்தேவுக்கு ஜோடியாக நடித்து, மெக்சிகோவின் திரைப்பட விருதான ஆரியேலும் வாங்கியிருந்தார். 1956-இல் புகழ்பெற்ற ஓவியர் டியேகோ ரிவேராவே அவரை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். புனுவலோடு வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தேடிப் போனவரும் பினால்தான். விரிதியானாவுக்குப் பணம் போட்டது அவருடைய அப்போதைய கணவர் குஸ்தாவோ அலாத்ரிஸ்தே, சினிமாவுக்குப் புதியவர். மனைவி நச்சரிக்காமல் அந்தப் பணம் வெளியே வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

படம் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஸ்பெயினில் எடுக்கப்பட்டது. பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் உச்ச விருதான தங்கப் பனை கிடைத்தது, இன்னொரு படத்தோடு பகிர்ந்துதான். மேடையேறி விருதை வாங்கிய ஸ்பெயின் அரசின் திரைப்படத் துறைத் தலைவருக்கு வேலை போனது. வத்திக்கான் நாளிதழ் படத்தைத் தெய்வநிந்தனை என்றது. 1977 வரை ஸ்பெயினில் தடை. படத்தின் பிரதியை மெக்சிகோவுக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததில் பினாலுக்கும் பங்கு உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் அவரை ‘இயக்குநரின் கண்டுபிடிப்பு’ என்பது கொஞ்சம் அநியாயம்.

அப்புறம், அவருடைய தொலைக்காட்சி வாழ்க்கை. இதைச் சொன்னாலே சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் நோக்கத்தோடு தெலெவிசா தொலைக்காட்சி நிறுவனத்தில் தொடங்கிய ஒரு நிகழ்ச்சி, பிறகு ‘முஹேர், காசோஸ் தெ லா விதா ரெயால்’ (பெண்: நிஜ வாழ்க்கைச் சம்பவங்கள்) ஆக வளர்ந்தது. பெண்கள் எழுதும் கடிதங்களை நாடகமாக்கிக் காட்டுவார்கள், பினால் வந்து அறிமுகம் செய்வார். கணவனிடம் அடி, வீட்டுக்குள்ளேயே நடக்கும் பாலியல் வன்முறை என்று குடும்பங்கள் மூடி மறைத்த விஷயங்களெல்லாம் வீட்டுக் கூடத்தில் ஒளிபரப்பாயின. 2007 வரை ஓடியது. மெலோடிராமாதான், மறுக்கவில்லை. அழுகை கூடுதல், உபதேசமும் கூடுதல். ஆனால் கானில் கைதட்டியவர்களை விட இதைப் பார்த்துத் தன் கதையைக் கண்டுகொண்ட பெண்கள் நிச்சயம் அதிகம். நடிப்பு வாழ்க்கையை எடைபோடும்போது அது ஏன் கணக்கில் வரக் கூடாது?

அவரே தயாரித்த ‘மன்யானா எஸ் ப்ரிமாவேரா’ தொடரில் மகளும் நடித்தார். புனுவல் படத்தின் பெயரையே சூட்டிய மகள், விரிதியானா. 1982-இல் கார் விபத்தில் இறந்தபோது வயது 19. அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன நிகழ்ச்சியில் அத்தனை ஆண்டுகள் மற்றவர்களின் துயரத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

அவரைப் புனிதராக்கவும் நான் தயாரில்லை. பிஆர்ஐ கட்சி மெக்சிகோவை அசைக்க முடியாமல் ஆண்ட காலத்தில் அதன் பக்கமே நின்றார். ஒரு மாநில ஆளுநரை மணந்தார். நாடாளுமன்ற உறுப்பினர், செனட்டர் பதவிகளும் பார்த்தார். தெலெவிசாவுக்கும் அந்தக் கட்சிக்கும் இருந்த நெருக்கம் ஊரறிந்தது. பெண்களின் துன்பத்தை வாரந்தோறும் காட்டிய நிகழ்ச்சி, அதிகாரத்தில் இருப்பவர்களை எத்தனை முறை கேள்வி கேட்டது என்று ஒருவர் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

சரி, நடிப்புக்கு வருகிறேன். சைமன் படத்தில் அவர்தான் சாத்தான். பள்ளிச் சிறுமி உடையில் வளையம் உருட்டிக்கொண்டு வருவார். ஒட்டுத் தாடியோடு, கையில் ஆட்டுக்குட்டியோடு மேய்ப்பராக வந்து நிற்பார். தூண் மேல் நிற்கும் துறவி ஏமாறவில்லை என்று தெரிந்ததும் ஆட்டுக்குட்டியை எட்டி உதைப்பார். அந்த எரிச்சலை அவர் காட்டும் வேகம் புனுவல் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல, பத்து வருட மசாலா நகைச்சுவையில் பழகியது. நம்பாதவர்கள் ‘எல் இனொசென்தே’ (1956) பாருங்கள். பணக்கார வீட்டுப் பெண் பினால், கார் மெக்கானிக் இன்ஃபான்தே. அதைப் பார்த்த கையோடு சைமனைப் போடுங்கள். படம் 45 நிமிடம்தான்.