களஞ்சியம் விடுதியாவது அவ்வளவு எளிதல்ல

இங்கிலாந்தில் பழைய பண்ணைக் களஞ்சியத்தைச் சுற்றுலா விடுதியாக்க, முழுத் திட்ட அனுமதி (planning permission) வேண்டாம், உள்ளூர் கவுன்சிலுக்குத் தெரிவித்தால் போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி. அது 2015 திட்ட அனுமதி ஆணையிலுள்ள கிளாஸ் ஆர் விதி; விவசாயக் கட்டடத்தை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றுவது பற்றியது. மாற்றும் தளப்பரப்பு 150 சதுர மீட்டருக்குள் இருந்தால் தகவல் தந்தால் போதும். அதற்கு மேல் போனால் கவுன்சிலிடம் முன் ஒப்புதல் (prior approval) வாங்க வேண்டும். 2024-இல் உச்ச வரம்பை 500-லிருந்து 1,000 சதுர மீட்டராக உயர்த்தினார்கள்.

ஆனால் அந்த விதி பயன்பாட்டை மாற்ற மட்டுமே அனுமதிக்கிறது. வெளித்தோற்றம் மாறும்படி புது ஜன்னல் வைத்தால் அதற்குத் தனி விண்ணப்பம்! ஜன்னலே இல்லாத தொழுவத்தில் யார் வந்து தங்குவார்கள்? பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் கிளாஸ் ஆர் பக்கமே போக முடியாது.

அப்புறம் வௌவால். கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பழைய கூரைகளில் அவை குடியிருப்பது சகஜம், சட்டப் பாதுகாப்பும் உண்டு. கூரையில் அவை இருக்கின்றனவா என்று பார்க்கும் அந்தி நேரக் கணக்கெடுப்பு பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும். அக்டோபரில் விழித்துக்கொண்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முழு அனுமதி வாங்கினாலும், விடுமுறைத் தங்கலுக்கு மட்டுமே, நிரந்தர வீடாகக் கூடாது என்று பல கவுன்சில்கள் நிபந்தனை போடுகின்றன. வங்கிக் கடன் கேட்கும் முன் அந்த நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.