தேருக்கு மட்டும் விலக்கு

(திருநெல்வேலி டவுன், ரத வீதியில் ஒரு பெட்டிக்கடை. குறுக்கே கட்டிய கயிற்றில் கிளிப் மாட்டி வார இதழ்கள் தொங்குகின்றன. உள்ளே கடைக்கார அண்ணாச்சி. வெளியே, கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை ஆபரேஷன் முடிந்து இன்றுதான் முதல்முறையாகத் தெருவுக்கு வந்திருக்கிறார்.)

சிரஸ்தார்: என்னவே இது, கயித்துல தொங்குதது?

அண்ணாச்சி: புக்கு ஐயா. முப்பது வருசமா இதான் தொங்குது.

சிரஸ்தார்: எனக்கு ஏதோ கலர் கலரா கைத்தறித் துண்டு மாதிரில்லா தெரிஞ்சுது!

அண்ணாச்சி: துண்டு இதைவிடப் பெருசா இருக்கும் ஐயா.

சிரஸ்தார்: அதைத்தாம்வே சொல்லுதேன். பிள்ளைய பள்ளிக்கூடம் போற பாதை. இதையெல்லாம் உள்ள வையும். கேக்கவனுக்கு மட்டும் எடுத்துக் குடும்.

அண்ணாச்சி: தொங்கப் போட்டே கேக்க ஆளில்ல. உள்ள வச்சா, விக்காததை ரிட்டர்ன் எடுக்க வார ஏஜென்ட்டே மறந்துருவான்.

சிரஸ்தார்: சட்டம்னு ஒண்ணு இருக்குவே. ஆபாசமானதை வித்தா அந்தக் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்துல 292. இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 294. 2024 ஜூலை 1-லருந்து அமல். முதல் தடவையே ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள தள்ளலாம், 5,000 ரூவா வரைக்கும் அபராதம். முன்னால 2,000 தான்.

அண்ணாச்சி: புக்கு விலையைவிட வேகமா ஏறுதே!

சிரஸ்தார்: சின்னப் பிள்ளைக்கு வித்தா தனிப் பிரிவு. பழசுல 20 வயசுக்குக் கீழன்னு இருந்துது. புதுசுல 18-க்குக் கீழ.

அண்ணாச்சி: அப்ப 19 வயசுப் பயலுக்கு ஜூன் 30 ராத்திரி குடுத்தா குத்தம், விடிஞ்சு குடுத்தா குத்தமில்ல?

சிரஸ்தார்: (குடையை ஊன்றி யோசித்து) அந்தப் பிரிவுல இல்ல. மத்ததுல உண்டு.

அண்ணாச்சி: அதை விடுங்க. இந்தா, இந்த அட்டை ஆபாசமா, இல்லையா? சொல்லிருங்க, எடுத்துருதேன்.

சிரஸ்தார்: அதைக் கோர்ட்டுல்லா சொல்லணும்.

அண்ணாச்சி: ஏஜென்ட் விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கட்டைப் போடுதான். கோர்ட்டு பத்தரைக்குத்தான் திறக்குது. அதுவரைக்கும் நான் என்ன செய்ய?

சிரஸ்தார்: உம்ம மாதிரிதான் பம்பாயில ஒரு கடைக்காரரும் கேட்டாரு. வெள்ளைக்காரன் நாவல் ஒண்ணை வித்ததுக்குக் கேஸு. 'உள்ள என்ன இருக்குன்னு கடைக்காரனுக்குத் தெரியும்னு நீங்கல்லா நிரூபிக்கணும்'னு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாரு. 1964-ல அஞ்சு நீதிபதிமாரு உக்காந்து, அதெல்லாம் தேவையில்லன்னுட்டாவ.

அண்ணாச்சி: அபராதம் எவ்வளவு?

சிரஸ்தார்: 20 ரூவா.

அண்ணாச்சி: இருவது ரூவாய்க்கு டெல்லியா! வக்கீலுக்கு எவ்வளவு குடுத்தாருன்னு தீர்ப்புல இருக்கா ஐயா?

சிரஸ்தார்: அந்தத் தீர்ப்புக்கு அளவுகோலே 1868-ல லண்டன்ல வெட்டினது. கெட்டுப்போறதுக்குன்னே ஒரு மனசு இருந்தா, அது கெடுமான்னு பாக்கணும். இப்ப அதை மாத்திட்டாவ. டென்னிஸ் ஆடுதவரு போரிஸ் பெக்கர், கட்டிக்கப் போற பொண்ணோட துணியில்லாம நின்ன படத்தைக் கல்கத்தா பேப்பரு 1993-ல போட்டுது. 2014-ல கேஸே நிக்காதுன்னுட்டாவ.

அண்ணாச்சி: இருவத்தோரு வருசமா! அந்தப் பொண்ணையே கட்டுனாரா?

சிரஸ்தார்: கட்டி, ரெண்டு பையன் பொறந்து, விவாகரத்தும் ஆயி பல வருசம் கழிச்சுத்தான் தீர்ப்பு. இனிமே இன்னைய சமூகம் என்ன நினைக்குதுன்னு பாக்கணுமாம்.

அண்ணாச்சி: (தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து) விடிஞ்சதுலருந்து கடைக்கு வந்த சமூகம் நீங்க ஒருத்தர்தான்.

சிரஸ்தார்: அப்ப சமூகம் சொல்லுது, எடுத்து உள்ள வையும். அந்தா, அதை முதல்ல எடும்.

அண்ணாச்சி: எது? இதா? இது கோயில் சிற்பச் சிறப்பிதழ் ஐயா.

சிரஸ்தார்: (கிட்டே போய்ப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு) அது இருக்கட்டும். அதுக்குச் சட்டத்துலயே விலக்கு உண்டு. பழைய நினைவுச்சின்னம், கோயில், சாமியை வச்சு இழுக்குத தேரு, இதுகள்ல செதுக்கினது எதுவும் ஆபாசத்துல சேராது.

அண்ணாச்சி: தேருன்னே எழுதியிருக்கா?

சிரஸ்தார்: தேருன்னே எழுதியிருக்கு.

அண்ணாச்சி: எங்க ஊர்த் தேருல கீழடுக்குல சில பொம்மைக உண்டு. வடம் தொட்டுக் கும்பிடப் போனா எங்காத்தா என் கண்ணைப் பொத்திக்கிட்டே இழுத்துட்டுப் போவா. அதுல ஒண்ணுக்குக்கூட இந்த அட்டையில இருக்குத புள்ள மாதிரி சேலை கிடையாது. (குரலைத் தணித்து) ஆனித் தேரு கடை வாசல் வழியாத்தானே வருது. நாலு புக்கைத் தேருல மாட்டிவிட்டா கேஸு வராதுல்லா?

சிரஸ்தார்: செதுக்கியிருக்கணும்வே, மாட்டியிருக்கக் கூடாது! பேசாம எல்லாத்தையும் அட்டை தெரியாம திருப்பித் தொங்கவிடும்.

(அண்ணாச்சி ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றித் திருப்பி மாட்டுகிறார். கயிறு முழுக்கப் பின்னட்டை. ஜட்டி விளம்பரம். வயிற்றில் ஆறு கட்டு வைத்த ஆண்கள் வரிசையாக இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள்.)

அண்ணாச்சி: இப்ப எப்படி?

சிரஸ்தார்: இது பரவால்ல. ஆம்பளைதானே.

அண்ணாச்சி: பாவம்லா ஐயா. முன்னட்டையில நின்ன புள்ள சேலையாவது கட்டியிருந்துது.

சிரஸ்தார்: 1986-ல ஒரு சட்டம் போட்டாவ, பெண்களை இழிவாக் காட்டக் கூடாதுன்னு. ஆம்பளையை எப்படி வேணாலும் காட்டலாம், அந்தச் சட்டம் கேக்காது. சரி, நான் வந்த சோலியை மறந்துட்டேன். வீட்டுல குருப்பெயர்ச்சிப் பலன் கேட்டா. குடும்.

அண்ணாச்சி: அது தனியா வராது. வார இதழோட இலவச இணைப்பு.

சிரஸ்தார்: நாங்க எப்பவும் வாங்குததுதான்வே.

(அண்ணாச்சி கயிற்றிலிருந்து ஒன்றைக் கழற்றி, முன்பக்கம் திருப்பி நீட்டுகிறார். சிரஸ்தார் புதுக் கண்ணால் வெகுநேரம் பார்க்கிறார்.)

சிரஸ்தார்: இதையா வாராவாரம் கையில பிடிச்சு நாலு ரத வீதியும் நடந்தேன்?

அண்ணாச்சி: மேல் அட்டை தெரியத்தான் பிடிப்பிய.

சிரஸ்தார்: இணைப்பை மட்டும் உருவிக் குடும்.

அண்ணாச்சி: அது ஆவாது. இணைப்பு இல்லாத புக்கை ஏஜென்ட் ரிட்டர்ன் எடுக்க மாட்டான்.

சிரஸ்தார்: (இரண்டு பக்கமும் பார்த்து) சரி, பேப்பர்ல சுத்திக் குடும்.

(அண்ணாச்சி பழைய பேப்பர் கட்டிலிருந்து ஒரு தாளை உருவிச் சுற்றிக் கொடுக்கிறார். நான்கு எட்டு நடந்த சிரஸ்தார் திரும்பி வருகிறார்.)

சிரஸ்தார்: வே, சினிமாப் பக்கத்துலயா சுத்துவீரு? ஷேர் மார்க்கெட் பக்கம் இருந்தா எடும்.