அந்த அக்கா ஏன் திரும்பிப் போறாங்க
கட்டுரைல, வருமானம் இல்லாததாலதான் பெண்கள் அடிக்கிற புருசனை விட்டு வரமாட்டேங்குறாங்கன்னு போட்டிருக்கீங்க, அது பாதிதான் சரி. காரைக்குடில எங்க தெரு அக்கா ஒருத்தவங்க டீச்சர், நல்ல சம்பளம், ஆச்சி வீடும் ரெண்டு தெரு தள்ளித்தான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போயிடுறாங்க. அடிச்ச மறுநாளே அவரு கண்டாங்கி சேலை எடுத்துட்டு வருவாரு, பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிட்டுப் போவாரு, அழுவாரு, ஒரு வாரம் தங்கமான மனுசனா இருப்பாரு. அந்த ஒரு வாரம்தாங்க ஆளைக் கட்டிப்போடுறது.

ஸ்கின்னர்ங்கற அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் புறாவை வச்சு காட்டினது இதத்தான், பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தீனி கிடைச்சு திடீர்னு நின்னா புறா சீக்கிரம் விட்டுடும், எப்பவாவது கிடைக்கும்னு பழகின புறா தீனி நின்னப்புறமும் ரொம்ப நேரம் கொத்திக்கிட்டே இருக்கும். டட்டன், பெயின்டர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க 1981ல இத அடிபட்ட பெண்களுக்குப் பொருத்தி எழுதினாங்க, ஒருத்தர் கையில மொத்த அதிகாரமும் இருந்து அடியும் அன்பும் மாறி மாறி வந்தா பிடிப்பு கூடத்தான் செய்யும்னு. பிரிஞ்சு வந்தவங்ககிட்ட பின்னாடி ஆராய்ச்சி பண்ணப்போ 6 மாசம் கழிச்சும் அந்தப் பிடிப்பு முழுசா போகல.

அதனால "சூடு சொரணை இல்லையா"ன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, அவங்க ஏற்கனவே கூசிப்போய்தான் இருக்காங்க. வெளிய வந்த முதல் சில மாசம் அவரோட போன், தூது, "மாப்பிள்ளை திருந்திட்டாரு"ன்னு வர்ற பெரியவங்க பஞ்சாயத்து எதையும் அண்டவிடாம கூட இருங்க. பெண்கள் உதவி எண் 181க்கு எந்நேரமும் கூப்பிடலாம், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல வீடு அவங்க பேர்ல இல்லாட்டியும் அங்க இருக்க உரிமை உண்டு, இத எங்க ஊர்ல நெறைய பேருக்குத் தெரியாது.